மாப்பிள்ளை செயலிக்கு மாமனார் போட்ட ஒட்டுகள்

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம். கம்ப்யூட்டர் மட்டும் நலமில்லை. நீங்கள் போனை எடுக்காததால் செயலியில் போட்டிருக்கும் மின்னஞ்சல் முகவரிக்கே எழுதுகிறேன். குற்றம் சொல்ல அல்ல. மாப்பிள்ளையைக் குற்றம் சொல்லும் வழக்கம் நம் குடும்பத்தில் இல்லை.

மாத்திரை நேரம் சொல்லும் உங்கள் செயலியை எங்கள் லினக்ஸ் இயங்குதளத்துக்குப் பொருந்தும்படி பேக்கேஜ் கட்டி அனுப்புவது என் பொறுப்பு. இன்று மாலை ஆறு மணிக்கு லினக்ஸின் புதிய பதிப்புக்கான கதவைச் சாத்துகிறார்கள். அதற்குள் கட்டி முடிக்காவிட்டால் செயலியைத் தூக்கிவிடுவார்கள். அத்தை வேலை பார்க்கும் முதியோர் இல்லத்திலும் இதே லினக்ஸ்தான், செயலியைப் பார்த்துத்தான் மாத்திரையே கொடுக்கிறார்கள். இப்போது மணி நான்கு.

காலையில் உங்கள் புதிய வெளியீடு வந்தது. மிக்க மகிழ்ச்சி. ஆனால் கட்டும்போதே அது இணையத்திலிருந்து எதையோ இறக்கப் பார்க்கிறது. எங்கள் கட்டும் இயந்திரத்துக்கோ இணையமே கிடையாது, பாவம், திருதிருவென்று முழிக்கிறது. சரி, அதற்கு ஓர் ஒட்டுப் போட்டேன். அடுத்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று எழுதிக்கொடுக்கும் உரிமக் கோப்பைக் காணோம். அது இல்லாமல் உள்ளே விடவே மாட்டார்கள். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. இத்தனை வருடமாக உங்கள் நிரலில் கண்ட பிழைகளை உங்களிடம் சொல்லாமல், கிழிந்த சட்டைக்குப் போடுவது மாதிரி நானே ஒட்டுப் போட்டு ஓட்டிவந்தேன். மாப்பிள்ளைகிட்ட போய் இது தப்புன்னு எப்படிங்க சொல்றது? இப்ப நீங்க உள்ள எல்லாத்தையும் புரட்டிப் போட்டதுல என் ஒட்டு ஒண்ணுகூட ஒட்டல!

அத்தை என் பின்னால் நிற்கிறாள். "மாப்பிள்ளைய ஒரு வார்த்தை சொன்னீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு!" என்கிறாள். அடுத்த மூச்சிலேயே, "அது போயிடுச்சுன்னா யாருக்கு எந்த மாத்திரைன்னு நான் எங்க போய்த் தேடுறது?" என்கிறாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டேன். உரிமக் கோப்பை மறக்கிற ஆள் சோறு தின்ன மறப்பாரா? மன்னிக்கவும், அதை அழிக்க இப்போது நேரமில்லை.

உங்கள் இருவருக்கும் என் ஆசிகள் குறைவின்றி உண்டு. தயவுசெய்து போனை எடுக்கவும்.

இப்படிக்கு,
ஒட்டாத ஒட்டுகளோடு,
மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ளதை அனுப்பித் தொலைத்துவிட்டேன், இது அதன் வால். மகள் கூப்பிட்டாள். "அப்பா, அந்தச் செயலிய எழுதுறதே நான்தான். அவர் கணக்கு திறந்து கொடுத்ததோட சரி. மாப்பிள்ளை எழுதினது, மாப்பிள்ளை எழுதினதுன்னு நீங்கதான் எல்லார்கிட்டயும் பெருமை அடிச்சீங்க, என்னைப் பேசவே விடல. உங்க பேக்கேஜ்ல இருந்த ஒட்டெல்லாம் இப்பதான் பார்த்தேன், எல்லாத்தையும் உள்ள சேத்துட்டேன். நல்லாத்தான் இருக்கு. முன்னாடியே எங்கிட்ட அனுப்பியிருக்கலாம்ல?" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மெதுவாக, செயலி முகவரிக்கு வரும் மின்னஞ்சல்களை யாரம்மா படிப்பது என்று கேட்டேன். அதுவும் அவள்தானாம்.

ஆகையால் மாப்பிள்ளை, உங்களுக்கு எழுதியதெல்லாம் வாபஸ். அடியே மகளே, மணி அஞ்சரை ஆச்சு, உரிமக் கோப்பு எங்கடி?