உள்ளே இருப்பவர்களின் வாக்கு

கடலுக்கும் மலைக்கும் நடுவே கொன்றைநாடு என்றொரு நாடு இருந்தது. அதன் தலைநகரில் பாழடைந்து கிடந்த நெல் கிடங்கு ஒன்றைக் குடிமக்கள் சிலர் கூடிச் சுத்தம் செய்து, பொதுச்சுவர் மன்றம் என்று பெயரிட்டு உள்ளூர் ஓவியர்களுக்குத் திறந்துவிட்டார்கள். லாப நோக்கமில்லாத மன்றம். சொற்ப வாடகைக்கு வரைய ஓர் அறை, வரைந்ததை மாட்ட ஒரு கூடம்.

அல்லியம்மைக்கும் அங்கே ஒரு மூலை கிடைத்தது. வெள்ளத்தில் மூழ்கிய தன் தெருவை அவள் ஆளுயரத் துணியில் வரைந்துகொண்டிருந்தாள். அந்தத் துணி அவளுடைய ஒற்றை அறை வீட்டு வாசலில் நுழையாது.

ஒருநாள் கலைக்காப்பு அமைச்சர் விழுமியனார் மேளதாளத்தோடு வந்தார். "மாமன்னர் இம்மன்றத்தைத் தத்தெடுத்துவிட்டார். இனி வாடகையே கிடையாது. நன்றிக்கு அடையாளமாக ஆளுக்கொரு மன்னர் படம் வரைந்து மாட்டினால் போதும்" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். அல்லியம்மையும் தட்டினாள். வரைந்தும் கொடுத்தாள். அடுத்த வாரம் ஆளுக்கு நான்கு கேட்டார்கள். கூடம் நிறைந்து, படங்கள் அறைகளுக்குள் வந்தன. பிறகு, மன்னர் திருமுகத்தின் முன் யாரும் உட்காரக் கூடாது என்று ஓர் ஆணை வந்தது. மூச்சுக்காற்று பட்டால் வண்ணம் கெடுமாதலால் ஓவியர்கள் முற்றத்தில் இருந்து வரையலாம் என்று இன்னொன்று வந்தது.

"அய்யா, இது எங்களுக்குன்னு உண்டான இடந்தானே?" என்று விழுமியனாரிடம் கேட்டாள் அல்லியம்மை.

"ஐயமென்ன அம்மா? உங்களுக்கே உரியது. அதனால்தான் பத்திரமாகப் பூட்டியிருக்கிறோம்."

அவர் சொன்னதில் எங்கே பிசகு என்று யோசித்துக்கொண்டே முற்றத்துக்குத் திரும்பினாள். அன்று மாலை அடித்த மழையில், அவள் வரைந்திருந்த தெரு துணியிலிருந்து கரைந்து காலடியில் ஓடியது. இரண்டு கைகளாலும் தடுத்துப் பார்த்தாள். உள்ளங்கையில் நீலம்தான் மிஞ்சியது.

ஓவியர்கள் கொதித்துப்போனார்கள். "குடிகளின் குரலே மன்னரின் குரல்" என்று விழுமியனார் உருகி, மன்றத் தலைவர் பதவிக்குத் தேர்தல் அறிவித்தார். மன்றத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே வாக்கு. உள்ளே இருந்தவை இருநூற்றுப் பதினான்கு படங்கள். மன்னர் இருநூற்றுப் பதினான்கு வாக்குகள் பெற்று வென்றார்.

"எதிர்த்து யாரும் வாயே திறக்கவில்லை. இத்தனை அமைதியான தேர்தலை நான் கண்டதில்லை" என்றார் விழுமியனார்.

வெளியில் நின்ற தன் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று அல்லியம்மை மூன்று அதிகாரிகளிடம் கேட்டாள். மூவரும் அவளுக்கு வாழ்த்துச் சொன்னார்கள்.

நாட்டின் பொதுத்தேர்தலுக்கு முந்தைய நாள், இரண்டு சேவகர்கள் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கையில் ஒரு மன்னர் படம்.

"வீட்டுக்கு ஒண்ணு, இலவசம்மா. எந்தச் சுவர்ல மாட்டட்டும்?"

காட்டினாள். மாட்டினார்கள். ஒருவர் தள்ளி நின்று கோணல் பார்த்துச் சரிசெய்தார். மற்றவர் பையிலிருந்து புதுப் பூட்டு ஒன்றை எடுத்தார்.

"கொஞ்சம் வெளிய வந்து நில்லுங்கம்மா."

செருப்பைப் போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் அவள் வெளியே வந்தாள். தெரு நெடுக, அவரவர் வீட்டு வாசலில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.