ஜேர்மனிச் சித்தப்பாவிடம் வெயில் விசாரித்த கதை

வெளிநாட்டில் ஒரு சொந்தக்காரர் இருந்தால் எங்கள் ஆட்களுக்குத் தனித் தைரியம் வந்துவிடும். மருந்துக்கும் அவரைத்தான் கேட்போம், மாப்பிள்ளைக்கும் அவரைத்தான் கேட்போம். நான் வெயிலுக்குக் கேட்டேன். (தனியாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. ஊரைக் கூட்டி வைத்து, ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன்.)

அப்போது எனக்கு ஒரு சூரிய மின்சாரக் கம்பனியில் வேலை. 'சமூக இணைப்பாளர்' என்று கழுத்தில் ஓர் அட்டை தொங்கும். புதுக்குடியிருப்பில் இருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் எங்கள் ஊர். அதை ஒட்டிக் கிடந்த மேய்ச்சல் தரவையில் பனல்களை விரிக்கக் கம்பனி திட்டம் போட்டிருந்தது. அவர்கள் பார்வையில் அது வெறும் நிலம். அந்த வெறும் நிலத்தில்தான் என் சொந்த அக்காவின் மாடுகள் மேய்ந்தன. அத்தான் செத்த பிறகு அக்கா வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தப் பாலை நம்பித்தான். "மாடுகளுக்குக் கம்பனி வேற இடம் காட்டும், நீங்கள் யோசிக்காதேங்கோ" என்று அக்காவுக்கு நான் சொல்லி வைத்திருந்தேன். எனக்கு அதை யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். கழுத்தில் அட்டை தொங்கினால் வாய் தன்பாட்டில் பேசும்.

ஊரின் சம்மதம் கேட்கும் கூட்டத்தை நான் வைத்தது மார்கழி மாதத்தில். (சூரிய மின்சாரத்துக்கு ஆள் சேர்க்க, வன்னியில் சூரியனே லீவில் போகிற மாதத்தைத் தெரிந்தெடுத்த மூளை என்னுடையது.) பொதுநோக்கு மண்டபத்துத் தகரத்தில் மழை அடித்த அடியில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கொழும்பிலிருந்து வந்த கம்பனி அதிகாரி முன்வரிசைக் கதிரையில் இருந்தார். மரியாதையான மனிதர். தமிழ் மட்டும் ஒரு சொல்லும் தெரியாது. நான் திரையில் படம் காட்டத் தொடங்கியதும் கறண்ட் போய்விட்டது. சமாளிக்கலாம் என்று, காட்சிக்குக் கொண்டுவந்த பனலை வாசலில் சாய்த்து ஒரு பல்பைக் கொழுவினேன். அது எரிகிறதா என்று பார்க்க ஒருவர் டோர்ச் அடித்தார்.

"தம்பி, சூரியனைக் கண்டு எத்தினை நாளாச்சு! இதுக்குள்ள சூரியக் கறண்டோ?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "ஜேர்மனியில எங்களை விட வெயில் குறைவு. அங்க கூரைக்குக் கூரை பூட்டிக் கிடக்கு. என்ர சித்தப்பாவே பூட்டியிருக்கிறார், தெரியுமோ?"

"அப்ப அவரிட்டயே கேளுமன்."

கேட்டேன். அங்கே இன்னும் விடியவில்லை என்பது என் மண்டையில் ஏறவில்லை. நீண்ட நேரம் மணி அடித்த பிறகு, மழையும் சற்று ஓய்ந்த நேரமாகப் பார்த்து, போன் ஸ்பீக்கரில் சித்தப்பாவின் கரகரத்த குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை சித்தப்பா. நான் சுதன்."

"ஒருத்தரும் சாகாமல் ஏனடா இந்த நேரத்தில எடுக்கிறாய்?"

முதல் சிரிப்பு அங்கே கிளம்பியது. நான் விடவில்லை. "உங்கட சோலர் நல்லா வேலை செய்யுதெல்லே சித்தப்பா? ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

"கோடையில நல்லாத் தரும். வருசம் முழுக்கப் பாத்தால் நட்டமில்லை. இப்ப பனி மூடிக் கிடக்கு, ஒரு கேத்தில் தண்ணி கொதிக்காது. வெளிக்கறண்டிலதான் சீவியம். ஏன், அங்கயும் வைக்கப் போறாங்களோ? எந்தக் கூரையில?"

"கூரையில இல்லை, சித்தப்பா. எங்கட தரவையில."

சித்தப்பா வெடித்தார். "அட விசரா! என்ர கூரையில மாடு மேயுறேல்லையடா! அங்க உன்ர அக்காவின்ர மாடெல்லோ மேயுது! அதுகள் இனிப் பனலையோ கடிக்கிறது?"

மண்டபம் அதிர்ந்தது. கதிரையில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். நடுவில் அக்கா, அத்தானுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதிகாரிக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டது. எழும்பிக் கை தட்டினார். போனை எடுத்து அக்காவின் முகத்துக்கு நேரே நாலைந்து படம் பிடித்தார். வெளிக்கிடும்போது என் தோளில் தட்டி, அருமையான கூட்டம் என்று இங்கிலீசில் சொன்னார். நான் அவமானத்தில் செத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தரவையைத் தரமாட்டோம் என்று பிறகு ஊர் கம்பனிக்கு எழுதிக் கொடுத்தது. ஊர் மக்கள் திட்டத்தை மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள் என்று கம்பனியிடமிருந்து பதில் வந்தது. சாட்சிக்கு அக்காவின் படம். மாரி முடிந்து நிலம் காய்ந்ததும் கம்பி வேலி வந்தது. அக்கா மாடுகளை ஒவ்வொன்றாக விற்றார். கடைசி மாட்டை லொறியில் ஏற்றியபோது நான் அங்கே நிற்கவில்லை. நிற்க முடியவில்லை. என்னையும் கம்பனி அதற்குள் அனுப்பிவிட்டது. இணைக்க வேண்டிய சமூகம் முடிந்துவிட்டதாம்.

இப்போது ரியூசன் வகுப்பில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மாரியில் மின்சாரம் வருமா என்று பிள்ளைகள் கேட்டால், குறைவாக வரும், வேறு வழியும் சேர்த்துத்தான் வைத்திருக்க வேண்டும், ஆனால் வருசம் முழுக்கப் பார்த்தால் எங்கள் வெயில் ஜேர்மனியைத் தூக்கிச் சாப்பிடும் என்று இன்றைக்கும் சொல்கிறேன். வெயில் போதுமா என்று அன்று மண்டபமே மண்டையை உடைத்தது. எந்த இடத்தில் வைப்பது என்று சரியாகக் கேட்டவர் நித்திரைக் கலக்கத்தில் இருந்த சித்தப்பா ஒருவர்தான்.

எங்கள் குடும்பத்தில் இப்போது யாரும் போனை எடுத்து 'ஹலோ' சொல்வதில்லை. "ஆர் செத்தது?" என்றுதான் கேட்பார்கள். சின்னப் பிள்ளைகள்கூட.

தரவையில், கம்பனி வாசலில் பெரிய விளம்பரப் பலகை ஒன்று நிற்கிறது. அதில் அக்கா, ஆளுயரத்துக்கும் மேலே, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தங்கள் எல்லாரும் அதன் கீழே அக்காவை நிற்பாட்டிப் படம் எடுக்காமல் போவதில்லை. போன முறை சித்தப்பாவின் மகள் வந்தபோதும் எடுத்தாள்.

"அக்கா, மேல இருக்கிற மாதிரியே சிரியுங்கோவன்."

அக்கா பலகையை அண்ணாந்து பார்த்தார். "அது இனி வராது பிள்ளை" என்றார். "அண்டைக்கு வீட்டில மாடு நிண்டது."