அந்தமானில் நான் போட்ட வரப்பு

கடைமடைக்காரனைச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போகக் கூடாது. தண்ணீர் இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போகவே கூடாது. நாலு மாதக் குறுவைக்கானாலும் ஆறு மாதச் சம்பாவுக்கானாலும், ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் எங்கள் மன்னார்குடிப் பக்கத்து வயலுக்கு வந்து சேர்வதற்குள் காத்திருந்து காத்திருந்து எங்களுக்குக் கழுத்து நீண்டுவிடும். அப்படி வளர்ந்தவனுக்குத் தண்ணீர் வீணாக ஓடுவதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

இது தெரிந்தும் என் மனைவி சுகந்தி என்னை அந்தமானில் ஒரு குட்டித் தீவுக்குக் கூட்டிப்போனாள். அவளுக்கு ஒரே ஆசைதான். கடல் வற்றும்போது தூரத்தில் ஒரு வெள்ளை மணல்திட்டு தலைகாட்டும். கடல் ஏறினால் மறைந்துவிடும். அதன்மேல் போய் நிற்க வேண்டும். அதற்காகப் பள்ளிக்கூடத்தில் லீவு வாங்க அவள் பட்ட பாடு (தலைமையாசிரியை முன்னால் கண்ணீர் வரைக்கும் போயிருக்கிறாள்) எனக்குத் தெரியும். அன்றுதான் கடைசி நாள், மறுநாள் விடிந்தால் ஊர் திரும்பக் கப்பல்.

விடுதிக்குப் பின்னால் தென்னைகளுக்கு நடுவே பச்சைத் தண்ணீரோடு ஒரு குட்டை. அதில் எங்கள் படகு கட்டியிருந்தது. சுகந்தி கிளம்பிக்கொண்டிருந்தாள். தென்னங்காற்றில் எனக்கு விழித்தபடியே தூக்கம் வந்தது. எங்கோ சலசலவென்று சத்தம். மடை உடைந்த சத்தம்! பார்த்தால், குட்டைத் தண்ணீர் குறுகலான ஒரு வாய்க்கால் வழியாகக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

தோட்டத்து மண்வெட்டியை எடுத்தேன். வேட்டியை மடித்துக் கட்டக் கை போனது (போட்டிருந்தது பூப்போட்ட அரைக்கால் சட்டை). தென்னை மட்டைகளைக் குறுக்கே போட்டு, மணலை வெட்டிப் போட்டு மிதித்தேன். கனவில் வேலை செய்வது போல இருந்தது, அலுப்பே தெரியவில்லை. தண்ணீர் நின்றது. (உப்புத் தண்ணீர் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.)

படகோட்டி வந்தார். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்.

"என்ன சார் பண்றீங்க?"

"தண்ணி வீணாப் போவுதுங்க. அடைச்சுட்டேன்."

"அது கடல் சார். போவும், திரும்ப வரும். அது போறப்பவே நம்ம படகும் போயிருக்கணும்."

"இதோ, வெட்டி விட்டுடறேன்!"

"வெளிய இப்ப வெறும் சேறு. பாதி வழியில படகு உக்காந்துடும். இனிமே கடல் ஏறினாத்தான்."

கடல் ஏறினால் திட்டு இருக்காது.

சுகந்தி தொப்பியும் புதுச் செருப்புமாக வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்த திட்டைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. என் வரப்பின்மேல் வந்து உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

வெயில் சாய்ந்தது. கடல் மெல்லத் திரும்பி வந்தது. தூரத்து வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நீலமானது. எங்களுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர். சுகந்தி எழுந்து நின்றாள்.

"மணல்திட்டுல நிக்கணும்னுதானே கேட்டேன். நிக்க வச்சுட்டீங்க."

சிரிக்க ஆரம்பித்தவள், வரப்பு கரைந்து நாங்கள் இருவரும் தண்ணீரில் விழும்வரை நிறுத்தவில்லை.

படகோட்டி எடுத்த போட்டோ இன்றும் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது: பின்னால் நீலக்கடல், முன்னால் முழங்கால் சேற்றில் மண்வெட்டியோடு நான். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள்: "அந்தமான்ல போயி விவசாயமா பாத்தீங்க?"

காபியை நீட்டிக்கொண்டே சுகந்தி சொல்லுவாள்: "குறுவை மட்டுந்தாங்க. சம்பாவுக்கு எனக்கு லீவு கெடைக்கல."