கியோனின் முதுகுவலி

காலை ஏழேகாலுக்குக் கியோன் பாக்ஸ்லிக்கு முதுகு வலித்தது. எட்டு மணிக்குள் டொலிடோ நகரமே படுத்துவிட்டது.

வானொலியில் அதே பேச்சு. முடிவெட்டும் கடையில் அதே பேச்சு. ஊர்க் கூடைப்பந்து அணியின் பொது மேலாளர் மார்வின் கோவாச் ஒரு காப்பி வாங்கலாமென்று காரை நிறுத்திய இடத்தில், காப்பி ஊற்றுகிற அம்மாளும் கேட்டாள்.

"நிஜமாவே வலிக்குதா சார்? இல்ல, அந்த வலியா?"

அந்த வலிதான் என்று கோவாச்சுக்குத் தெரியும். இருபத்து நான்கு வயது, ஆறடி எட்டு அங்குலம், ஆட்டத்துக்கு முப்பத்தொரு புள்ளி. அந்த உடம்பை எந்த டாக்டரிடம் காட்டினாலும் ஒரு குறையும் அகப்படாது. ஆனாலும் வலிக்கும். நட்சத்திர ஆட்டக்காரனுக்கு ஒரு ஊர் அலுத்துவிட்டால் முதலில் வலிப்பது முதுகு. பிறகு முழங்கால். அப்புறம் மனசு. மனசு வலிக்க ஆரம்பித்த மூன்றாம் நாள், "பையனை வேற டீமுக்கு டிரேட் பண்ணிடுங்க" என்று ஏஜெண்டிடமிருந்து போன் வரும். ஒப்பந்தத்தில் இன்னும் நான்கு வருடம் பாக்கி இருக்கிறதே என்று யாரும் கேட்க முடியாது. ஒப்பந்தமெல்லாம் டிக்கெட் கிழிப்பவனைக் கட்டிப்போடத்தான்.

அதற்காக அணி நடத்துகிறவர்கள் யோக்கியர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பாதிச் சாப்பாட்டில் இருப்பவனைப் போனில் கூப்பிட்டு, "நாளையிலேர்ந்து உனக்கு வேற ஊர்" என்று சொல்வார்கள். அது வியாபாரமாம். அதையே ஆட்டக்காரன் கேட்டால் துரோகமாம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

அணியின் முதலாளி லாம்ப்கின், கண்ணாடிப் பாட்டில் செய்து பணக்காரரானவர். பாட்டிலைப் பற்றித் தெரிந்தால் பந்தைப் பற்றியும் தெரியும் என்று நம்புகிறவர். அவர் காலையிலேயே கோவாச்சைக் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"மார்வின், கியோன் போனா நீயும் போ. ரெண்டு பேரும் ஒரே பெட்டியில துணி அடுக்கிக்கோங்க."

கோவாச்சுக்கு வயது ஐம்பத்து மூன்று. இதே அணியில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து தொடங்கி, இந்த நாற்காலிக்கு வர இருபத்தாறு வருடம் ஆயிற்று. இதை விட்டால் வேறு எந்த அணியும் அவரை வாசல்படி ஏற்றாது. அவர் நேரே கியோனின் ஆற்றங்கரை வீட்டுக்குப் போனார்.

முதுகுவலிக்காரன் சோபாவில் குப்புறக் கிடந்து வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய ஏஜெண்ட் ஃபெலிசியா ட்ரென்ட், துக்க வீட்டுக்கு வந்தவர் முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, முதுகு எப்படி இருக்கு?"

"ஓவன் இருக்கற வரைக்கும் இப்படித்தான் இருக்கும், தலைவரே."

ஓவன் டேட், ஆட்டத்தில் கியோனுக்குப் பந்து எடுத்துக் கொடுப்பவன். கோவாச்சுக்குப் புரியவில்லை.

"அவன் எல்லாப் பந்தையும் உனக்குத்தானேப்பா குடுக்கறான்?"

"குடுக்கறான், இல்லேங்கல. ஆனா டிரெஸ்ஸிங் ரூம்ல டூனா மீன் டப்பாவைத் திறக்கறான். அந்த நாத்தம் நேரா என் முதுகுல இறங்குது."

"ரொம்ப மென்மையான பையன், மார்வின்," என்றார் ஃபெலிசியா.

ஆட்டக்காரனை அனுப்புவதும் லேசான காரியமில்லை. எந்த அணியும் சம்பளமாக இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று லீக் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. பெரிய ஊர்க்காரன் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போகாமல், சின்ன ஊரும் பிழைக்க வேண்டுமாம். போட்டிச் சமநிலை என்று அதற்குப் பெயர். அந்த வரம்புக்குள் புது ஆளைச் சேர்க்க இடம் வைத்திருந்த அணி ஒன்றே ஒன்றுதான். அரிசோனாவின் டூசான். போன வருடம் கடைசி இடத்தில் வந்த அணி.

"டூசான்ல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. உங்களுக்காக வேணா நான் பேசிப் பார்க்கறேன்," என்றார் ஃபெலிசியா.

பேசினார். ஓவன் டூசானுக்குப் போனான். பதிலுக்கு டொலிடோவுக்குக் கிடைத்தது, ஏழு வருடம் கழித்து ஒரு புது ஆட்டக்காரனைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் உரிமை. அந்த ஆட்டக்காரன் இப்போது ஏதோ ஒரு ஊரில் ஏழாம் வகுப்புக் கணக்கில் தவறிக்கொண்டிருப்பான்.

செய்தியைச் சொல்லக் கோவாச் ஓவனைக் கூப்பிட்டனுப்பினார். அழுவான், கத்துவான், நாற்காலியை உதைப்பான் என்று எதிர்பார்த்தார். ஓவன் கைகுலுக்கினான்.

"பரவாயில்ல சார். அங்க வெயில் நல்லா இருக்குமாமே."

இப்படியும் ஒரு நல்ல பிள்ளையா என்று கோவாச்சுக்குக் கண் கலங்கியது.

கியோனுக்கு முதுகு சரியாயிற்று. இரண்டு ஆட்டம் ஜெயித்தார்கள். வெள்ளிக்கிழமை கோவாச் தன் மனைவி ஜோனியைக் கூட்டிக்கொண்டு ஏரி மீன் வறுவல் சாப்பிடப் போய், இரண்டு தட்டு தின்றார். சனிக்கிழமை கியோனுக்கு முழங்கால் வலித்தது.

"இப்ப யாரு தம்பி?"

"மிலோஷ்."

மிலோஷ் ஏழடி உயரம். கூடைக்குக் கீழே அவன் நின்றால் எதிராளி சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

"அவன் என்ன பண்ணினான்?"

"சிரிக்கறான்."

"எதுக்கு?"

"எதுக்குன்னே தெரியல. அதான் எனக்குப் பயமா இருக்கு."

டூசானில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. மிலோஷ் போனான். சொன்னபோது அவனும் சிரித்தான். அதில்தான் கோவாச்சுக்கு ஒரு நிமிடம் கியோன் சொன்னது நியாயமோ என்று தோன்றியது.

அதன் பிறகு கேட்கவே வேண்டாம். தூரத்திலிருந்து கூடை போடுகிற கேசி ராப் காலையில் ரொம்பச் சீக்கிரம் குட்மார்னிங் சொல்கிறானாம். எதிரணியின் பெரிய தலையை ஆட விடாமல் தடுக்கிற பெரி லாங்டன் சூயிங்கம்மை இடது பக்கமே மெல்கிறானாம். இருவரையும் கிறிஸ்துமஸுக்கு முன் டூசான் வாங்கிக்கொண்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நன்றாக ஆடத் தெரிந்தவன் சொன்னால் கூடத்தையே இடித்துக் கட்டுகிறார்கள்.

அடுத்து வந்தது பயிற்சியாளர் ரட்டக்கின் முறை.

"விசில் ஊதறார், தலைவரே."

"கோச் விசில் ஊதாம புல்லாங்குழலாப்பா ஊதுவார்?"

"என்னைப் பார்த்து ஊதறார்."

ரட்டக்கை வேலையை விட்டு அனுப்பினார் கோவாச். முப்பது வருட அனுபவசாலி. ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேஜை மேலிருந்த தன் மனைவியின் படத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த வாரமே டூசான் தன் பயிற்சியாளரை நீக்கிவிட்டு இவரை வைத்துக்கொண்டது. கடைசியாக உடம்பு பிடித்துவிடுகிற ஹார்லன். அவர் கை சில்லென்று இருக்கிறதாம். அவருக்கும் பாலைவன ஊரில் வேலை கிடைத்தது.

"மனுஷங்க தீர்ந்து போச்சு," என்றாள் ஜோனி, பல் தேய்த்துக்கொண்டே. "அடுத்து கூடையைக் கழட்டிக் கீழ வைக்கச் சொல்லுவான். உயரமா இருக்குன்னு."

"அவன் இருக்கானில்ல? அது போதும்."

"பால் போயி, பாத்திரம் போயி, மூடி மட்டும் கையில இருக்குன்னு சந்தோஷப்படற ஒரே ஆளு நீங்கதான்."

கோவாச்சுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது உண்மையென்று ஒப்புக்கொள்ள அவரால் முடியவில்லை. கியோன் இருக்கும்வரை நாற்காலி இருக்கும், நாற்காலி இருக்கும்வரை தான் ஒரு ஆள். இருபத்தாறு வருடத்தில் அவர் கற்றுக்கொண்ட பாடம் அவ்வளவுதான். கோழையின் பாடம், வேறென்ன.

போனவர்களின் இடத்துக்கு, தெருவில் கொஞ்சம் உயரமாக நடந்து போனவர்களையெல்லாம் பிடித்துப் போட்டார். கியோன் தனியாளாக நாற்பது புள்ளி எடுப்பான்; மற்ற நாலு பேரும் சேர்ந்து அவன் ஆடுவதை வேடிக்கை பார்ப்பார்கள். தொடர்ந்து பதினான்கு தோல்வி. டூசானோ தொடர்ந்து பதினாறு வெற்றி.

நியூயார்க்கிலிருந்து லீக் அதிகாரி ஒருவர் போன் செய்தார். கடைசி இடத்தில் வருகிற அணிக்குத்தான் அடுத்த வருடப் புது ஆட்டக்காரர்களில் நல்லவனை முதலில் பொறுக்க அதிக வாய்ப்பு. தோற்றவனுக்குத்தான் பாயசம் என்று சட்டம் போட்டுவிட்டு, எல்லோரும் தோற்கப் பார்க்கிறார்களே என்று ஆச்சரியப்படுகிற இடம் அது.

"போட்டிச் சமநிலையை நீங்க கெடுக்கறீங்க, மிஸ்டர் கோவாச். வேணும்னே தோக்கறீங்களா?"

"வேணும்னு தோக்கறதுக்கும் ஒரு சாமர்த்தியம் வேணும் சார். எங்ககிட்ட அது கூட இல்ல."

அதிகாரிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எழுத்தில் விளக்கம் கேட்டார். கோவாச் பதினான்கு பக்கம் எழுதினார். அதில் டூனா மீனைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம்.

பிப்ரவரியில், ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளக் கெடு முடியும் வியாழக்கிழமை வந்தது. மூன்று மணிக்குள் எது நடந்தாலும் நடந்ததுதான். ஒரு மணிக்குக் கியோனும் ஃபெலிசியாவும் கோவாச்சின் அறைக்கு வந்தார்கள். கியோன் நெஞ்சில் கை வைத்திருந்தான்.

"மனசு வலிக்குது, தலைவரே."

கோவாச் பேனாவை எடுத்தார்.

"இப்ப யாரைத் தம்பி அனுப்பணும்? சொல்லு, அனுப்பிடறேன். யாரா இருந்தாலும் சரி."

"இங்க யாரு இருக்கா அனுப்ப? டீமா இது? எனக்கு ஜெயிக்கணும். என்னை டூசானுக்கு அனுப்பிடுங்க."

"டூசானா? ஏன்ப்பா, நீ பிடிக்கலேன்னு விரட்டின அத்தனை பேரும் அங்கதானே இருக்காங்க!"

"பொறுத்துக்கறேன்," என்றான் கியோன், பெரிய தியாகி மாதிரி. "ஜெயிக்கறதுக்காக மனுஷன் எதையும் பொறுத்துக்கணும்."

கோவாச் ஃபெலிசியாவைப் பார்த்தார். ஒரு வழி இருந்தது. நட்சத்திரத்தை வாங்குகிற அணி, விலையாகத் தன் பாதி அணியையே கொடுப்பதுதான் வழக்கம். அதனால்தான் அடம்பிடித்து ஊர் மாறுகிற நட்சத்திரங்கள், போய்ச் சேர்ந்த இடத்தில் காலி வீட்டில் குடியேறினவன் மாதிரி தனியாக முழிப்பார்கள்.

"சரி. ஓவன், மிலோஷ், கேசி, பெரி. நாலு பேரையும் திருப்பிக் குடுங்க. இவனைக் கூட்டிட்டுப் போங்க."

"அவங்களைக் குடுத்துட்டா, இவன் எதுக்காக அங்க போகணும் மார்வின்?"

"அப்ப எனக்கு என்ன கிடைக்கும்?"

"சம்பளக் கணக்கு சரியாகறதுக்கு ரெண்டு சீனியர் பிளேயர்ஸ். அப்புறம் நாலு வருஷத் தேர்வு உரிமை."

அந்தச் சீனியர்களைக் கோவாச்சுக்குத் தெரியும். ஒருவனுக்கு முழங்கால் இல்லை. இன்னொருவனுக்கு ஆட வேண்டும் என்ற எண்ணமே இல்லை.

"முடியாதுன்னா?"

"முடியாதுன்னா கியோனுக்கு ஜூன் வரைக்கும் மனசு வலிக்கும்," என்றார் ஃபெலிசியா. "அதுக்கு ஸ்கேன் கிடையாது."

முதலாளிக்குப் போன் போட்டார் கோவாச். "வர்றதை வாங்கிட்டுத் தொலைச்சுட்டு வா," என்றார் லாம்ப்கின். "அப்படியே உன் மேஜையையும் காலி பண்ணிடு." இரண்டே முக்காலுக்குக் கையெழுத்தாயிற்று. இருபத்தாறு வருடம் ஒரு அட்டைப் பெட்டியில் அடங்கிவிட்டது. அதிலும் பாதி இடம் மிச்சம்.

போகிறவனுக்குக் கைகொடுத்து அனுப்புவது பொது மேலாளரின் மரியாதை. வேலை போனாலும் மரியாதை போகவில்லை என்று காட்ட வேண்டாமா? நாலு மணிக்குக் கோவாச் ஆற்றங்கரை வீட்டுக்குப் போனார். கியோன் விமானம் ஏறியிருந்தான். வாசலில் பனியில் ஒரு பெரிய லாரி நின்றது. சாமான் ஏற்றுகிற நரைத்தாடிக்காரர் ஒருவர் கடைசிச் சோபாவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

கோவாச் படியில் உட்கார்ந்தார். அழுகை வரும் என்று நினைத்தார். அதற்குப் பதில் மெல்ல ஒரு சந்தோஷம் வந்தது. இது யார் செய்த சூழ்ச்சியுமில்லை. செல்லம் கொடுத்துக் கெடுத்த ஒரு பிள்ளையின் கிறுக்குத்தனம். அந்தக் கிறுக்குக்கு இனி அவனே கூலி வாங்கட்டும். தினம் காலையில் மூக்குக்கு நேரே டூனா மீன். காதுக்குப் பக்கத்தில் மிலோஷின் சிரிப்பு. நெற்றிக்கு நேராக ரட்டக்கின் விசில். நினைக்க நினைக்க இனித்தது.

"பாவம்ங்க உங்க ஆளு," என்றார் லாரிக்காரரிடம், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே. "பிடிக்காம அவனே விரட்டிவிட்ட ஆறு பேரும் டூசான்லதான் இருக்காங்க. இப்ப அங்கயே போய் மாட்டிக்கிட்டான்."

லாரிக்காரர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"பிடிக்காதவங்களா? போன ஜூன் மாசமே ஏழு வீட்டுச் சாமானுக்கும் சேர்த்து டூசானுக்கு லாரி பேசினதே அவர்தானே சார். எந்த வீடு முதல்ல, எந்த வீடு கடைசின்னு வரிசை கூட அவரே எழுதிக் குடுத்தாரே!"