சித்திரை வெயிலில் ஹீட்டர் போட்ட அண்ணன்

சித்திரை மாதத்தில், சென்னை வெயிலில், வண்டிக்குள் ஹீட்டர் போட்டுக்கொண்டு போன ஒரே மனிதர் எங்கள் கள்ளிக்குப்பம் ‘ஹீட்டர்’ அண்ணன்தான். இன்னொருவர் இருக்கிறார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் அவர் வீடு. எந்தக் காலத்திலோ வெளிநாட்டுக்காரர் யாரோ ஓட்டிவந்து, ஊர் திரும்பும்போது விட்டுப்போன பழைய வேன் ஒன்று அவர் கைக்கு வந்து சேர்ந்தது. உள்ளே மடக்குக் கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் உண்டு. குளிர் நாட்டில் பிறந்த வண்டி. அதனால் ஏ.சி. கிடையாது, ஹீட்டர் உண்டு. நம்மூர் வெயில் பட்டாலே இன்ஜின் கொதித்துவிடும்.

அண்ணன் குழாய்த் தண்ணீர்தான் குடிப்பார். வண்டிக்கு மட்டும் கேனில் வாங்கிய சுத்திகரித்த தண்ணீர். “கொழா தண்ணி ஊத்துனா ரேடியேட்டர்ல உப்பு புடிச்சிக்கும்பா” என்பார். வயிற்றில் பிடிக்காதா என்று கேட்டால், “வயித்துக்கு மூடி கீதா இன்னா, தொறந்து பாக்க?” என்று சிரிப்பார். ரேடியேட்டர் இடுக்கில் சேர்ந்த தூசியைப் பழைய டூத்பிரஷால் தட்டுவார். ஞாயிறு மத்தியானம் ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து, வண்டி முன்னால் டேபிள் ஃபேன் வைப்பார். அண்ணி வாசலில் நின்று செய்தித்தாளால் விசிறிக்கொள்வார்.

“அதுக்கு ஃபேனு, எனக்கு பேப்பரா?”

“நீ கொதிச்சா கத்துவே. அது பாவம், வாயில்லாத ஜீவன்.”

இந்த வண்டியில்தான் நான் மணப்பெண்ணாகப் போனேன்.

மண்டபம் சென்னீர்குப்பத்தில். சொந்தக்காரர்களை எல்லாம் பஸ்ஸில் அனுப்பிவிட்டு, அலங்காரம் முடிந்து நானும் அம்மாவும் வாசலில் நின்றால், சொல்லியிருந்த கார் வரவில்லை. டிரைவர் போனை எடுக்கவில்லை. செல்போனில் வாடகைக் கார் தேடினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அம்மா அழத் தொடங்கியபோது, அண்ணன் வெள்ளை வேட்டியில் வந்து வேன் கதவைத் திறந்தார்.

“ஏறு கண்ணு. நம்ம வண்டி கீது.”

வேலப்பன்சாவடி வரை ராஜ பவனி. அதற்கப்புறம் நெரிசல். லாரிகளுக்கு நடுவே நின்றோம். வெப்பமானி முள் மெதுவாக மேலே ஏறியது. அண்ணன் முகம் சின்னதாகிவிட்டது.

“கோச்சுக்காத கண்ணு. ஹீட்டர் போடப் போறேன்.”

அம்மா துள்ளிவிட்டாள். “தம்பி, உங்களுக்குப் புத்தி ஏதும் பிசகிடுச்சா?”

“இஞ்சின் சூட்டை உள்ள இழுத்துக்கினா அது பொழைச்சிக்கும் அக்கா.”

“அப்போ நாங்க?”

“நீங்க எறங்கி நடக்கலாம். அது நடக்குமா?”

முகத்தில் அனல் அடித்தது. கண் மை கன்னத்துக்கு இறங்கியது. பட்டுப்புடவை வேது பிடிக்கும் போர்வையானது. அப்படியும் முள் இறங்கவில்லை. வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்தி, பானெட்டைத் தூக்கினார். புகையாக ஆவி வந்தது. அம்மா தண்ணீர் பாட்டிலோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனாள். அண்ணன் குறுக்கே பாய்ந்தார்.

“கை வைக்காதக்கா! பீச்சி அடிச்சா மூஞ்சி வெந்துடும்! அதுவா ஆறணும்.”

“முகூர்த்தம் ஆறிடுமே தம்பி!”

அவர் வண்டிக்குள்ளிருந்து மடக்கு நாற்காலியை எடுத்துப் போட்டார். வேன் பக்கவாட்டில் துணிப் பந்தலை இழுத்துவிட்டார். பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்தில், மாலையும் கழுத்துமாக நான் உட்கார்ந்திருந்தேன். ஷேர் ஆட்டோவில் போனவர்கள் கையாட்டினார்கள். ஒரு லாரிக்காரர் ஹாரனிலேயே கெட்டிமேளம் வாசித்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மாவும் சிரித்துவிட்டாள்.

அம்மா போனில் மண்டபத்துக்குச் சொல்லியிருந்தாள்; பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பைக்கில் மாப்பிள்ளையே வந்து நின்றார். “ஏறு, போயிடலாம். நேரமாச்சு.”

அண்ணன் பானெட்டுக்குள் குனிந்திருந்தார். துணியைச் சுற்றி மூடியை மெல்லத் திருகி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் முதுகைப் பார்த்தேன். வேட்டியெல்லாம் கிரீஸ்.

“அண்ணா, கிளம்பிடுமா?”

“இப்போ கெளம்பிடும் கண்ணு.” தலையைத் தூக்காமலே சொன்னார்.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். “பைக்கை ஓரமா பூட்டிட்டு நீங்களும் வேன்ல ஏறுங்க.”

பாவம், ஏறினார். ஹீட்டர் முழு வேகத்தில் ஓடியது. திருமணத்துக்கு முன்பே அவருக்கு என்னைப் பற்றி எல்லாம் புரிந்துபோயிருக்கும். மண்டபத்து வாசலில் நாங்கள் இறங்கியபோது, குளத்தில் விழுந்து எழுந்த ஜோடி மாதிரி சொட்டிக்கொண்டிருந்தோம். ஆரத்தி எடுக்க வந்த அத்தை தட்டோடு பின்வாங்கினாள். ஐயர் மட்டும், “நேரம் இருக்கு, வாங்கோ, வாங்கோ” என்றார்.

உள்ளே நுழையும் முன் அண்ணன் ஓடிவந்தார். கிரீஸ் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

“உடம்பு ரொம்ப சுடலியே கண்ணு?”

அதுவரை வராத அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது.