ட்ரேயில் மாட்டிக்கொண்ட சுயசரிதை

பெருமதிப்புக்குரிய அத்தானுக்கு,

உங்கள் மச்சினன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமா என்று இப்போதே கேட்டுவிடுகிறேன். கடிதத்தை நீங்கள் படித்து முடித்த பிறகு கேட்டால் குத்திக்காட்டுவது போல இருக்கும். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும். அக்கா கேட்டால் ஏதோ விளம்பரத் தபால் என்று சொல்லிவிடவும்.

போன மாதம் உங்கள் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்று, அதிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைத் தருவது போல என் கையில் தந்தீர்கள். "ஏழு வருஷமா எழுதின சுயசரிதை இதுலதான் இருக்கு, வேற பிரதி கிடையாது, பத்திரமா ஒரு காப்பி எடுத்துக் குடு" என்றீர்கள். நான் அதை ஆபீஸ் மேஜை இழுப்பறையில் வைத்தேன். காப்பி எடுக்க நேரம் வரவில்லை. வேலை அப்படி.

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் நீங்கள் "பெட்டிக்குக் கைப்பிடி போடறான்" என்று சொல்வதாகக் கேள்வி. அதில் தப்பில்லை. சர்வர் பெட்டியில் ஹார்ட் டிஸ்க்குகள் ஒவ்வொன்றும் ஒரு சின்ன ட்ரேயில் உட்கார்ந்திருக்கும். ஒன்று கெட்டால் அந்த ட்ரேயை மட்டும் கைப்பிடியைப் பிடித்து உருவி மாற்றலாம். அந்த ட்ரேக்கும் அதன் பூட்டுக்கும் படம் வரைகிறவன் நான். எங்கள் வாடிக்கையாளர் கம்பெனி ஒன்றில் தூசி துடைத்தவரின் துணி ஒரு கைப்பிடியில் மாட்டி, ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் வெளியே வந்து, அரை நாள் கம்பெனியே நின்றுவிட்டது. யாரும் தெரியாமல் இழுத்தால் வரவே கூடாது, அப்படி ஒரு பூட்டு வேண்டும் என்று கேட்டார்கள். பட்டனை அழுத்தினால் உள்ளே டிஸ்க் சுற்றுவது நிற்கும், பச்சை விளக்கு எரியும், அப்புறம் கைப்பிடி விடும், இப்படி ஒன்றை நான் வடிவமைத்தேன். நாலு மாத உழைப்பு அத்தான். தூக்கத்தில்கூட பட்டன் அழுத்தியிருக்கிறேன் என்று உங்கள் தங்கச்சி, அதாவது என் வீட்டுக்காரி, சொல்கிறாள்.

செவ்வாய்க்கிழமை காலை அந்தக் கம்பெனியின் பெண் எஞ்சினியர் பார்வையிட வந்துவிட்டார். காலி ட்ரே லொடலொடவென்று ஆடியது. ஸ்டோரில் டிஸ்க் கேட்டால் கையெழுத்துப் போட வேண்டியவர் லீவு. மேலாளர் என்னை முறைத்தார். நான் இழுப்பறையைத் திறந்தேன். அத்தான், ஒரு அஞ்சு நிமிஷம்தானே என்றுதான் நினைத்தேன். உங்கள் டிஸ்க்கை ட்ரேயில் வைத்து, நாலு திருகாணி போட்டு உள்ளே தள்ளினேன். க்ளிக் என்று அருமையாகப் பூட்டியது. எல்லோரும் கை தட்டினார்கள். பட்டனை அழுத்தினேன். பச்சை எரிந்தது. இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். மேலாளர் என் இடுப்பைப் பிடித்து இழுத்தார். பெட்டியே மேஜையோடு நகர்ந்ததே ஒழிய ட்ரே அசையவில்லை. பூட்டுக்குள் ட்ரேயைப் பிடிக்கும் கொக்கியின் சாய்வை வரைபடத்தில் நான் மாற்றிப் போட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இழுக்க இழுக்க அது இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

வேலை போச்சு என்று நின்றேன். அந்த எஞ்சினியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதுதாங்க வேணும். எங்க ஆளுங்க தலைகீழா நின்னாலும் இதைக் கழட்ட முடியாது. இந்தப் பெட்டியையே கொண்டுபோறோம்" என்றார். "சாருடைய டிசைன்தான்" என்று மேலாளர் என் தோளில் தட்டினார். பத்து வருஷத்தில் முதல் தட்டு. அதற்கு ஆசைப்பட்டு, உள்ளே இருப்பது உங்கள் டிஸ்க் என்பதை முழுங்கிவிட்டேன். மத்தியானம் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. சாயங்காலம் நீங்கள் போன் பண்ணி "எடுத்தாச்சா?" என்று கேட்டபோது, "எடுத்தாச்சு அத்தான், பத்திரமா இருக்கு" என்றேன். இரண்டாவது பாதி உண்மை. அதைவிடப் பத்திரமாக உலகத்தில் எந்தப் புத்தகமும் இருக்க முடியாது.

யாராலும் திறக்க முடியாத பூட்டை நானே செய்து, அதற்குள் உங்கள் வாழ்க்கையை வைத்துவிட்டேன். மன்னிக்கவும் என்று எழுதக் கை கூசுகிறது. நீங்கள் சொல்லச் சொல்ல முதலிலிருந்து எழுதித் தரத் தயார். என் கையெழுத்து சுமார்தான்.

உங்கள் உடம்புக்கு ஆரோக்கியமும் கோபத்துக்கு ஓய்வும் வேண்டி, அக்காவுக்கு என் அன்பைச் சொல்லி, பிள்ளைகளை வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் காலில் விழக் காத்திருக்கும்
மச்சினன்

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடவும். கடிதத்தை உறையில் போடும்போது அந்த எஞ்சினியர் போன் செய்தார். அவர்கள் வரவேற்பறைப் பெண் ட்ரேயை ஒரு நொடியில் கழற்றிவிட்டாளாம். "முதல்ல லேசா உள்ள தள்ளினேன், அப்புறம் இழுத்தேன், வந்துடுச்சு" என்றாளாம். எங்களில் ஒருவருக்கும் தள்ளத் தோன்றவில்லை. என்ன இருக்கிறது என்று டிஸ்க்கைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். இப்போது அவர்கள் ஆபீஸே உங்கள் சுயசரிதையைப் படித்துக்கொண்டிருக்கிறது. ஆறு காப்பி எடுத்தாகிவிட்டது. "பன்னெண்டாவது அத்தியாயத்துல வாயைத் திறந்தா பொய் சொல்ற ஒரு மச்சினர் வர்றாரே, அது நீங்கதானா?" என்று எஞ்சினியர் கேட்டார். "இல்லீங்க, அது வேற மச்சினன்" என்றேன். அவர் சிரித்தார். நான் அப்படித்தான் சொல்வேன் என்று நூற்றுப் பதினெட்டாம் பக்கத்திலேயே எழுதியிருக்கிறீர்களாமே, அத்தான்?