விசாரணை சார் பாஸ் போட்ட பள்ளிக்கூடம்

உலகத்திலுள்ள அத்தனை இன்டர்நேஷனல் பள்ளிகளையும் நிராகரித்த ஒரே மனிதர் திருவண்ணாமலையில் இருக்கிறார். ஒரு பள்ளிகூட அவரை நிராகரித்ததில்லை. ஏனென்றால் அவர் எதற்குமே விண்ணப்பித்ததில்லை.

வேங்கிக்காலில் நான் இயற்பியல் டீச்சராக இருந்த தனியார் பள்ளியில் அவர் சமூக அறிவியல் வாத்தியார். பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் வருகைப் பதிவேட்டுக்கு வெளியே அது புழங்கவில்லை. எல்லோருக்கும் அவர் விசாரணை சார். கேன்டீனில் வடை வாங்கினால்கூட எண்ணெய் எப்போது மாற்றியது, மாவு யார் அரைத்தது என்று கேட்டு முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். வடை கேன்டீனிலேயே இருக்கும்.

வெளிநாட்டு வேலை ஆசையில் ஸ்டாஃப் ரூமில் யாராவது ஒரு பள்ளியின் பெயரைச் சொன்னால் போதும். அந்தப் பள்ளியின் இணையதளத்துக்குள் புகுந்து, ஆண்டு விழா குரூப் போட்டோக்களை வருடவாரியாக எடுத்துவைத்து, முகம் முகமாக டிக் அடிப்பார்.

"போன வருஷம் நின்னவங்கள்ல இந்த வருஷம் மூணு பேர்தாம்மா நிக்கிறாங்க. மீதிப் பேர்லாம் எங்க? பிரின்சிபால் மட்டும் ஜாஸ்தியா சிரிக்கிறாரு. வேணாம்."

ஒரு பள்ளியில் ஆசிரியர்கள் எல்லோருக்கும் கருவளையம் என்று தள்ளினார். இன்னொன்றில் ஒருத்தருக்கும் கருவளையமே இல்லை, போட்டோவைத் திருத்தியிருக்கிறார்கள் என்று அதையும் தள்ளினார்.

போட்டோ போதாதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரடிச் சாட்சி தேடிக் கிரிவலப் பாதைக்குக் கிளம்பினார். என் கெட்ட நேரம், நானும் கூடப் போனேன். கழுத்தில் 'மௌனம்' என்று அட்டை மாட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர் நடந்துகொண்டிருந்தார். நீங்கள் வாத்தியாரா என்று சார் கேட்டார். அந்த அப்பாவி தலையாட்டித் தொலைத்தார். அடி அண்ணாமலை வரும்வரை விடவில்லை. வாரத்துக்கு எத்தனை பீரியட், பெற்றோர் வந்து திட்டுவார்களா, மதியம் உட்கார்ந்து சாப்பிட முடியுமா? கடைசியில் ஒரு டீக்கடை வாசலில் அந்த மனிதர் இரண்டு கையையும் கூப்பி, "ப்ளீஸ், கோ!" என்று கத்தினார்.

டீக்கடைக்காரர் கிளாஸை அப்படியே வைத்துவிட்டார். "இன்னா சார் பண்ணீங்க? ரெண்டு மாசமா தினம் வர்றாரு, ஊமைன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!"

சார் அசரவில்லை. "அந்த நாடே வேணாம்மா. வாத்தியாருங்களுக்குப் பொறுமை கம்மி."

இப்படிப்பட்டவரிடம் போய் நான் என் கதையைச் சொன்னது புத்தி கெட்டுப்போய் அல்ல, பயத்தில். எனக்கு இரண்டு வெளிநாட்டுப் பள்ளிகளிலிருந்து வேலை வந்திருந்தது. ஒன்று நீச்சல்குளம், பளிங்குத் தரை, தனி ஃப்ளாட் என்று ஜொலித்தது. மற்றொன்று மலைமேல் ஏதோ ஒரு சின்னப் பள்ளி. இணையதளத்தில் ஒரு மாடுகூடத் தெரிந்தது. எட்டு வருடம் ஒரே ஊர், ஒரே வகுப்பு. இந்த முறை போகாவிட்டால் இனி எப்போதுமே போகமாட்டேன் என்று எனக்குத் தெரியும். தப்பான இடத்துக்குப் போய் மாட்டிக்கொள்ளவும் கூடாது.

பளிங்குப் பள்ளியின் கடிதத்தில், சேரும் அன்றே ஒரிஜினல் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்க வேண்டும் என்றிருந்தது. எனக்கு அது உறுத்தவே இல்லை. எங்கள் பள்ளியும் என் ஒரிஜினல்களை முதல் நாளே வாங்கி கரஸ்பாண்டன்ட் ரூம் பீரோவில் பூட்டிவிட்டதுதான். கோயிலுக்குப் போனால் செருப்பைக் கழற்றுவதுபோல எங்களுக்கு அது பழகிவிட்டது.

விசாரணை சார் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"இங்க சர்டிபிகேட்ட வச்சிக்கிறாங்க, சரி. சாயங்காலம் ஆனா நீ வூட்டுக்குப் போயிடுற. அங்க பாஸ்போர்ட்ட குடுத்துட்டு எப்டிம்மா வூட்டுக்கு வருவ?"

கடிதத்தை வாங்கி அந்த வரியை மறுபடி படித்தேன். இருந்தாலும் நீச்சல்குளம் கண்ணிலேயே நின்றது. பிரின்சிபாலோடு கடைசி வீடியோ பேச்சு என் வீட்டில் நடந்தது. சார் கேமராவில் படாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்று நிமிடம் தாங்கினார்.

எங்கள் பள்ளி ஒரு குடும்பம் என்றார் பிரின்சிபால்.

"குடும்பத்துல எவளுக்கும்மா லீவு குடுக்கிறாங்க?" என்று என் காதைக் கடித்தவர், அடுத்த நொடி தலையைத் திரைக்குள் நீட்டிவிட்டார். "சார், ஐயம் ஹெர் அங்கிள். உங்க ஸ்கூல விட்டுப் போன ஒரு டீச்சர் நம்பர் குடுங்க, போதும்."

பிரின்சிபால் வாயைப் பாதி திறந்தபடி உறைந்துபோனார். நெட்வொர்க் போய்விட்டது என்று நான் பதறினேன். அவருக்குப் பின்னாலிருந்த தொட்டியில் மீன்கள் மட்டும் ஜோராக நீந்திக்கொண்டிருந்தன.

"மீனுக்கு மட்டும் நெட் வருதாம்மா?" என்றார் சார். லேப்டாப்பை நானே மூடினேன்.

மலைப்பள்ளித் தலைமை ஆசிரியை அதே கேள்விக்கு உடனே ஒரு நம்பர் கொடுத்தார். போனை எடுத்தது வேலூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தர். குளிர், படிக்கட்டு, சோறு என்று முக்கால் மணி நேரம் குறை சொன்னார். சார் ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"திரும்பக் கூப்ட்டா போவீங்களா?"

"முட்டி வலி மட்டும் இல்லன்னா நாளைக்கே போயிடுவேன் சார்."

விசாரணை சார் சரித்திரத்தில் முதன்முறையாக ஒரு பள்ளி பாஸானது.

கரஸ்பாண்டன்ட் பாஸ் போடவில்லை. பாதி வருடத்தில் இயற்பியலுக்கு ஆள் கிடைக்காது, பீரோ திறக்காது என்றுவிட்டார். மலைப்பள்ளி பத்து நாள்தான் அவகாசம் கொடுத்திருந்தது. நான் ஸ்டாஃப் ரூமில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தேன். மதியம் சார் உள்ளே வந்து என் சான்றிதழ்களை மேசைமேல் வைத்தார். வருடம் முடியும்வரை என் பீரியட் அத்தனையும் தானே எடுப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அடுத்தவர் பீரியடை எடுக்கச் சொன்னால் அரைநாள் சண்டை போடுகிற மனிதர். நான் அழுதுவிட்டேன்.

"அழுவாத, அந்த லென்ஸ் பாடம் என்னான்னு சொல்லு. நாளைக்கு ஒம்போதாவதுல போய் நிக்கணும்."

நான் இந்த மலைக்கு வந்த பிறகும் அந்த வருடம் முழுக்கச் சார் தினமும் மாலை ஆறு மணிக்கு வீடியோவில் வந்து, நோட்டும் பேனாவுமாக மறுநாள் பாடத்தைப் படித்தார். ஒளி ஏன் வளைகிறது, அதை வளையச் சொன்னது யார் என்று என் உயிரை எடுத்தார். எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன். என்னை அவ்வளவு படுத்திய மாணவர் வேறு யாருமில்லை. எனக்கு ரொம்பப் பிடித்த மாணவரும் அவர்தான்.